மேல ஓடுற லேப்: கிபோ பத்தி பந்திங்ல என்கிட்ட கேட்ட கேள்விகளும் என் பதிலும்

நான் செம்பனை எண்ணெய் மில்லு லேப்ல வேலை செய்யுறவன், மலேசியாவுல பந்திங் பக்கம். எண்ணெய் சாம்பிள் எடுத்து அமிலம் எவ்வளவு, தண்ணி எவ்வளவு, அழுக்கு எவ்வளவுன்னு பாத்து எழுதி வைக்கிறதுதான் பொழப்பு. விண்வெளி எனக்கு ஆசை மட்டும்தான், படிப்பு இல்ல. போன வருஷம் பக்கத்து தமிழ்ப்பள்ளியில பிள்ளைங்களுக்கு ஒரு மணி நேரம் பேசச் சொன்னாங்க, நானும் அனைத்துலக விண்வெளி நிலையத்துல இருக்குற ஆய்வுக்கூடம் பத்தி, அதுலயும் ஜப்பான்காரங்களோட கிபோ பத்தி பேசினேன். அன்னையில இருந்து பிள்ளைங்க, அவங்க அப்பா அம்மா, ஒட்டுக்கடையில உக்காந்து தே குடிக்கிற பெருசுங்க எல்லாரும் கேட்டுக்கிட்டே இருக்காங்க. வாட்ஸ்அப்ல ஒவ்வொருத்தருக்கா டைப் பண்ணி கட்டைவிரல் வலிக்குது, அதான் மொத்தமா ஒரே இடத்துல எழுதிட்டேன்.

கே: கிபோன்னா என்ன? விண்வெளி நிலையமே அதுதானா?

இல்ல. நிலையம்ங்கிறது பழைய தோட்டத்து லயம் மாதிரின்னு வெச்சுக்குங்க, ஒண்ணோட ஒண்ணு ஒட்டி வரிசையா ரூம்பு. படுக்குற ரூம்பு, சாமான் ரூம்பு, சும்மா கடந்து போற ரூம்புன்னு இருக்கு, அதுல சில ரூம்பு ஆராய்ச்சிக்குன்னே கட்டுனது. அமெரிக்காவோடது டெஸ்டினி, 2001ல போச்சு. ஐரோப்பாவோடது கொலம்பஸ், 2008 பிப்ரவரி. அதே 2008ல ஜப்பானோட கிபோ. ரஷ்யாவோட நவுக்கா ரொம்ப லேட்டு, 2021 ஜூலைல தான் போய் ஒட்டுச்சு, ஒட்டுன கொஞ்ச நேரத்துல அதோட இஞ்சின் தானா எரிய ஆரம்பிச்சு முழு நிலையத்தையும் ஒன்றரை சுத்து சுத்திவிட்டுடுச்சு, அது வேற கதை. கிபோன்னா ஜப்பான் மொழியில நம்பிக்கைன்னு அர்த்தம்.

கே: எவ்வளவு பெருசு அங்கள்?

வெஸ்ட்போர்ட் துறைமுகம் பக்கம் போற 40 அடி கொண்டைனர் லோரி பாத்திருப்பீங்க. கிபோவோட பெரிய ரூம்பு அதைவிட கொஞ்சம் குட்டை, 11.2 மீட்டர் நீளம், ஆனா உருண்டையா குழாய் மாதிரி 4.4 மீட்டர் குறுக்களவு, எடை 16 டன் கிட்ட. உள்ள நாலு பக்கமும் அலமாரி அடுக்கி இருக்கும், மொத்தம் 23. ஒவ்வொண்ணும் ரெண்டு கதவு ஐஸ் பெட்டி அளவு வரும். அதுல 10 தான் ஆராய்ச்சிக்கு, மிச்சம் கரண்டு, காத்து, குளிர்ச்சி, கம்பியூட்டர், சாமான்னு போயிடும். தரைன்னு ஒண்ணு இல்ல, சீலிங்குன்னு ஒண்ணு இல்ல, சீலிங்குல இருக்குற அலமாரி முன்னாடி ஒருத்தர் தலைகீழா நின்னு வேலை பாக்குறாருன்னா அவரைப் பொறுத்தவரைக்கும் நீங்கதான் தலைகீழு.

எனக்குப் பிடிச்சது அந்த அலமாரி சிஸ்டம்தான். கரண்டு, தண்ணி, கேஸ், டேட்டா எல்லாம் பின்னாடி ரெடியா இருக்கும், ஒரு ஆராய்ச்சி முடிஞ்சா பெட்டியக் கழட்டிட்டு அடுத்ததை மாட்டலாம். எங்க லேப்ல ஒரு ஓவன் அடுப்பு மாத்தணும்னா வயர்மேனைக் கூப்பிட்டு மூணு நாள் ஆகும்.

பெரிய ரூம்புக்கு மேல பரண் மாதிரி ஒரு சின்ன சாமான் ரூம்பு. வெளிய ஒரு அஞ்சடி. ஆமா, நம்ம கடைவீதியில கடைக்கு முன்னாடி இருக்குற அஞ்சடி நடைபாதை மாதிரி, ஆனா இதுக்கு சுவரும் இல்ல கூரையும் இல்ல, திறந்த வெளியில ஒரு மேடை. விண்வெளியவே நேரா பாக்க வேண்டிய கருவியெல்லாம் அதுல உக்காந்திருக்கும். வானத்துல எங்க எக்ஸ்ரே திடீர்னு வெடிச்சுக் கிளம்புதுன்னு காவல் காக்குற மேக்ஸிங்கிற கருவி 2009ல இருந்து அங்கதான் இருக்கு.

கே: இவ்வளவு பெருச எப்படி ஏத்துனாங்க?

ஒரே நடையில இல்ல, மூணு நடை. 2008 மார்ச்ல அந்தப் பரண், 2008 மே 31ல கிளம்பி பெரிய ரூம்பு, 2009 ஜூலைல அஞ்சடி. மூணுமே அமெரிக்காவோட ஷட்டில் விண்கலத்துல. முதல் ரெண்டு நடையில ஜப்பான்காரங்களும் கூடவே போனாங்க, தக்காவோ டோய், அகிஹிக்கோ ஹோஷிடே. மூணாவது நடை போனப்போ கொய்ச்சி வக்காத்தா ஏற்கனவே நிலையத்துல இருந்தாரு.

ரெண்டாவது நடையில ஒரு கூத்து. பல வருஷமா கட்டி, பார்த்துப் பார்த்து பேக் பண்ணி வெச்சிருக்காங்க, கிளம்பறதுக்குக் கொஞ்ச நாள் முன்னாடி நிலையத்துல டாய்லெட்டு மக்கர். ரஷ்யாவுல இருந்து அவசரமா ஒரு பம்பு கொண்டு வந்து அதே ஷட்டில்ல வெச்சு அனுப்புனாங்க. மேல இருந்தவங்க எதை அதிக ஆவலோட எதிர்பாத்திருப்பாங்கன்னு நான் சொல்லத் தேவையில்ல.

கே: அங்க ஈர்ப்பு விசையே இல்லையாமே, அதனாலதான் மிதக்குறாங்களாமே?

இத பத்து பேராவது கேட்டுட்டீங்க, தப்பு. நிலையம் இருக்குறது 400 கிலோமீட்டர் உயரத்துல. பந்திங்ல இருந்து பினாங்கு போற தூரம் கிட்டத்தட்ட, என்ன, நேரா மேல. அங்க ஈர்ப்பு தரையில இருக்குறதுல சுமார் 89 விழுக்காடு இருக்கு. அப்புறம் ஏன் மிதக்குறாங்கன்னா, விழுந்துக்கிட்டே இருக்காங்க, அவ்வளவுதான். மோட்டார்ல வேகமா பாலத்து மேட்டுல ஏறி இறங்கும்போது வயிறு ஒரு நொடி காலியாகுமே, அந்த ஒரு நொடி முடியாமலே இருந்தா அதுதான் அவங்க நெலமை.

விழுந்தா தரையில மோதணுமேன்னு கேப்பீங்க. ஒரு செம்பனைக் கொட்டைய மெதுவா எறிஞ்சா கால்கிட்ட விழும், வேகமா எறிஞ்சா வாய்க்காலத் தாண்டி விழும். நொடிக்கு ஏழரை கிலோமீட்டருக்கு மேல எறிஞ்சா (இங்க இருந்து மோரிப் ரெண்டு நொடி) அது கீழ விழ விழ உருண்டையான பூமியும் அதுக்குக் கீழ வளைஞ்சு விலகிக்கிட்டே போகும், தரை கிடைக்கவே கிடைக்காது. ஒரு சுத்து சுமார் 90 நிமிஷம். எங்க மில்லுல ஸ்டெரிலைசர்ங்கிற நீராவிக் குழாய்ல ஒரு நடை செம்பனைக் குலை வேகுற நேரம். நாங்க ஒரு நடை வேகவெச்சு எடுக்குறதுக்குள்ள அவங்க உலகத்தைச் சுத்திட்டு வந்துடுறாங்க.

கே: சரி, இங்க பண்ண முடியாத எதை அங்க போய் பண்றாங்க? காசு வேஸ்டு இல்லையா?

இதுக்குக் கொஞ்சம் நீளமாவே சொல்றேன், எனக்கு இது மில்லுல வெச்சுத்தான் புரிஞ்சுது.

எங்க மில்லுல பழத்தைப் பிழிஞ்சு வர்ற சாறு தண்ணி, எண்ணெய், மண்ணு, நாரு எல்லாம் கலந்து சேறா இருக்கும். அதைச் சூடா ஒரு பெரிய டேங்குல விட்டுட்டா போதும், எண்ணெய் மேல வந்துடும், கசடு கீழ போயிடும். யாரும் தள்ளல, பிரிக்கல. மேல வந்தத வழிச்சு எடுக்க வேண்டியதுதான். இருபது வருஷம் அந்த டேங்கு பக்கத்துல நின்னுருக்கேன், அதுல வேலை செய்யுறது யாருன்னு ஒரு நாளும் யோசிச்சதில்ல. எடைதான் வேலை செய்யுது. சம்பளம் வாங்காம, ஓவர்டைம் கேக்காம. அதே சாறை ஒரு பாட்டில்ல ஊத்தி கிபோவுல குலுக்கி வெச்சீங்கன்னா எண்ணெய் மேல வராது, மேலங்கிறதே இல்லையே. துளித்துளியா கலந்தபடியே நிக்கும்.

அப்போ எடைங்கிற ஆளு லீவு போட்டா என்னென்ன நிக்கும்னு பாருங்க. மிதக்குறது முங்குறது நின்னுபோகும். சூடான காத்து மேல போறதும் நின்னுபோகும், அதனாலதான் அங்க ஃபேன் எப்பவும் ஓடணும், இல்லாட்டி தூங்குறப்போ நீங்க விட்ட மூச்சுக்காத்தே மூஞ்சி முன்னாடி தேங்கி நிக்கும். திரவத்துக்குப் பாத்திரம்கூடத் தேவையில்ல. இங்க எதை ஆராய்ச்சி பண்ணாலும் இந்த மூணும் குறுக்க வந்து குழப்பும், ரிசல்ட்டுல எது பொருளோட குணம், எது எடை பண்ணுன வேலைன்னு பிரிக்கவே முடியாது. அங்க பிரிக்கலாம். அதுக்குத்தான் அவ்வளவு செலவு.

உதாரணத்துக்கு புரதப் படிகம். கல்கண்டு கட்டுறப்போ பாகை ஆட்டாம அசைக்காம வெச்சாத்தான் பெரிய கட்டியா வரும்னு பாட்டிக்குத் தெரியும். புரதமும் அப்படித்தான், ஆனா இங்க நீங்க பாத்திரத்தைத் தொடாட்டியும் உள்ள கரைசல் கனத்த பக்கம் கீழயும் லேசான பக்கம் மேலயுமா நகர்ந்துக்கிட்டே இருக்கும். அங்க அந்த நகர்ச்சி ரொம்பக் குறைவு, படிகம் பொறுமையா ஒழுங்கா வளர வாய்ப்பு அதிகம். அதைக் கொண்டு வந்து எக்ஸ்ரே அடிச்சா புரதத்தோட உருவம் துல்லியமாத் தெரியும், உருவம் தெரிஞ்சா அதுல போய் ஒட்டுற மருந்தைத் தேடலாம். ஆம்பளப் பிள்ளைங்களுக்கு வர்ற டூஷேன் தசைச்சிதைவு நோய் ஆராய்ச்சிக்காக ஜப்பான்காரங்க இப்படி புரதப் படிகம் வளத்திருக்காங்க. எல்லாப் புரதமும் அங்க நல்லா வளருமான்னா அதுவும் இல்ல, சிலது வரும், சிலது சொதப்பும்.

இன்னொண்ணு, கிபோவுல ஒரு உலை இருக்கு, பாத்திரமே இல்லாத உலை. சின்ன உருண்டைய மின்சாரத்தால நடுக்காத்துல பிடிச்சு நிறுத்தி லேசர் அடிச்சு 2000 டிகிரிக்கும் மேல உருக்குவாங்க. இங்கன்னா அவ்வளவு சூட்டைத் தாங்குற சட்டி கிடைக்கிறதே கஷ்டம், கிடைச்சாலும் சட்டியோட அழுக்கு சாம்பிள்ல கலந்துடும். லேப்ல வேலை செஞ்சவனுக்குத்தான் தெரியும் சட்டி அழுக்கு எப்பேர்ப்பட்ட தலைவலின்னு.

கே: எலி வளக்குறாங்களாமே?

வளக்குறாங்க, பெரியம்மா. 2016ல கிபோவுல 12 எலி, 35 நாள். ஆறு எலிய மிதக்க விட்டாங்க. மத்த ஆறையும் சுத்துற மெசின்ல வெச்சாங்க, சுத்துற வேகத்துல தரையில இருக்குற அதே எடை அதுங்களுக்குக் கிடைக்கும். பன்னெண்டும் உயிரோட திரும்பி வந்துச்சு.

அந்த ரெண்டாவது ஆறு எதுக்குன்னா, மிதந்த எலிக்கு எலும்பும் தசையும் கரைஞ்சதுன்னு வெச்சுக்குங்க, அது மிதந்ததாலயா, ராக்கெட்டுல போன அதிர்ச்சியாலயா, மேல இருக்குற கதிர்வீச்சாலயா, எப்படித் தெரியும்? அதே ராக்கெட்டு, அதே காத்து, அதே தீனி, எடை மட்டும் உள்ள எலி பக்கத்துலயே இருந்தாத்தான் தெரியும். மனுசனுக்கும் அங்க எலும்பு மாசத்துக்கு 1 விழுக்காடு, ஒன்றரை விழுக்காடுன்னு கரையும், அதனால தினமும் ரெண்டு மணி நேரம் எக்ஸர்சைஸ் கட்டாயம். எங்க மில்லுலயும் டேங்குல பிரியாத கசடை சுத்துற மெசின்ல போட்டுத்தான் மிச்ச எண்ணெய எடுப்போம். அதே தத்துவம்தான், எலிக்குப் பதிலா கசடு.

கே: மொளகா பயிர் பண்ணாங்கன்னு கேள்விப்பட்டேன், மெய்யா?

மெய்தான். 2021 ஜூலைல விதை போட்டு, நாலு மாசம் கிட்ட வளத்து, அக்டோபர் கடைசியில முதல் பறிப்பு, நவம்பர்ல ரெண்டாவது. செடி வளக்குற பெட்டி அமெரிக்காவோடது, ஆனா மாட்டி இருந்தது கிபோவுல. பூவுக்கு வண்டு கிடையாது, மகரந்தம் சேர ஃபேன் காத்தும் மனுசன் கையும்தான். பறிச்ச அன்னைக்கே டாக்கோன்னு ஒரு மெக்சிக்கோ ரொட்டியில இறைச்சியோட வெச்சு சாப்பிட்டாங்க. மேல போனா மூக்கடைச்ச மாதிரி இருக்கும், ருசி மந்தமாயிடும், அதனால காரம் கேட்டு ஏங்குவாங்களாம். சம்பாலு கொடுத்துவிட்டா மனுசங்க கையெடுத்துக் கும்பிடுவாங்க.

இந்தியாவுல இருந்து 2025 ஜூன்ல போன சுபான்ஷு சுக்லாவும் நிலையத்துல வெந்தயமும் பச்சைப்பயறும் முளைக்க வெச்சுப் பாத்தாரு.

கே: நம்ம நாட்டுக்கும் கிபோவுக்கும் ஏதாச்சும் சம்பந்தம் உண்டா?

உண்டு, நல்லாவே உண்டு, நம்ம ஆளுங்களுக்கே தெரியல. ஷா ஆலம் யுஐடிஎம் பல்கலைக்கழக மாணவருங்க ஜப்பான்ல கியூஷூ தொழில்நுட்பக் கல்விக்கூடத்துல போய் உக்காந்து ஒரு குட்டி செட்டலைட் கட்டுனாங்க, பேரு யுஐடிஎம்சாட்-1. பக்கத்துக்குப் பக்கம் 10 சென்டிமீட்டர், எடை ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் மேல. மைலோ டின்னைவிட சின்னது. உள்ள கேமரா, ரேடியோ. பூட்டானோட முதல் செட்டலைட்டும் பிலிப்பைன்ஸோட மாயா-1ம் அதோட கூட்டாளிங்க. மூணும் 2018 ஜூன் 29ல சரக்கு ராக்கெட்டுல நிலையத்துக்குப் போச்சு, ஆகஸ்டு 10ம் தேதி கிபோவுல இருந்து வெளிய விட்டாங்க.

எப்படி விடுறாங்கங்கிறதுதான் அழகு. மில்லுல ஸ்டெரிலைசர் பாத்தவங்களுக்கு உடனே புரியும். நீளமான குழாய், ரெண்டு பக்கமும் கதவு, இந்தப் பக்கம் பச்சைக் குலை உள்ள போகும், அந்தப் பக்கம் வெந்தது வெளிய வரும், ஆனா ரெண்டு கதவும் ஒரே நேரத்துல திறக்கவே கூடாது, திறந்தா ஆளு செத்தான். கிபோவுல ஒரு காத்துப்பூட்டு அறை அப்படித்தான். உள்கதவு வழியா செட்டலைட் பெட்டிய ஒரு தட்டுல வெப்பாங்க, கதவ மூடி காத்தை உறிஞ்சி எடுப்பாங்க, அப்புறம் வெளிக்கதவு. தட்டு வெளிய நீளும். 10 மீட்டர் நீளத்துல ஒரு இயந்திரக் கை வந்து பெட்டியப் பிடிச்சு, நிலையம் போற திசைக்குப் பின்பக்கமா கீழ் நோக்கித் திருப்பும். மூடி திறக்கும். உள்ள இருக்குற சுருள் கம்பி தள்ளும். அவ்வளவுதான், நாம நடக்குற வேகத்துல மெதுவா வெளிய போகும். ராக்கெட்டுச் சத்தமும் இல்ல, தீயும் இல்ல. பின்னாடி கீழ தள்ளுறது எதுக்குன்னா, ஒரு சுத்து சுத்திட்டு வந்து நிலையத்தையே இடிச்சுடக் கூடாதுல்ல.

காத்துப்பூட்டும் கையும் சேர்ந்து ஒரே ரூம்புல இருக்குறது கிபோவோட பெரிய சிறப்பு, மனுசன் வெளிய போகாமலே சாமான வெளிய வெக்கலாம். 2012 அக்டோபர்ல இருந்து இப்படி செட்டலைட் விடுறாங்க, சொந்தமா ராக்கெட்டு இல்லாத நாட்டுக்கெல்லாம் அது ஒரு வாசல் ஆகிப்போச்சு.

கே: டாக்டர் ஷேக் முசாஃபர் கிபோவுலதான் வேலை செஞ்சாரா?

இல்ல, நம்ம நாட்டோட முதல் விண்வெளி வீரரான அவரு போனது 2007 அக்டோபர் 10, கிபோ போனது அடுத்த வருஷம். அவரு நிலையத்துல புற்றுநோய் செல்லு, கிருமி, புரதப் படிகம்னு ஆராய்ச்சி பண்ணிட்டு அக்டோபர் 21ல இறங்கிட்டாரு. நோன்பு மாசத்துல போய் நோன்புப் பெருநாளை மேலயே கொண்டாடி சாத்தேங்கிற குச்சி இறைச்சி எல்லாம் கொண்டு போய் மத்தவங்களுக்குக் கொடுத்தாரு, அது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கு. புரதம் வளத்தது யாருக்கும் ஞாபகம் இல்ல. எனக்கு அதுல கொஞ்சம் வருத்தம்தான்.

கே: கல்பனா சாவ்லா போனது இங்கதானா?

இல்லைங்க. 2003ல அவங்க போன கொலம்பியா ஷட்டில் நிலையத்துக்கே போகல. ஷட்டிலோட சரக்கு அறைக்குள்ளயே ஒரு ஆராய்ச்சிக் கூடத்தை வெச்சுக்கிட்டு ஜனவரி 16ல இருந்து பதினாறு நாள் வேலை பாத்துட்டு பிப்ரவரி 1ல இறங்கும்போதுதான் அந்த விபத்து. ஏழு பேர். நிலையத்துல பல மாசம் இருந்தது சுனிதா வில்லியம்ஸ், எட்டு நாளுன்னு 2024 ஜூன்ல போயி 286 நாள் கழிச்சு 2025 மார்ச்சுல வந்தாங்களே, அவங்க. அந்த நாள்ல அவங்க ஆராய்ச்சி வேலை பாத்தாங்க, சும்மா மாட்டிக்கிட்டு உக்காந்திருக்கல.

கே: கிபோக்குள்ள சண்டை வந்தா யாரு போலீஸ்?

இது ஒட்டுக்கடை மாமா கேட்டது, சிரிச்சுட்டேன், ஆனா உண்மையிலேயே எழுதி வெச்சிருக்காங்க. 1998ல போட்ட ஒப்பந்தப்படி எந்த நாடு எந்த ரூம்பைப் பதிவு பண்ணுச்சோ அந்த ரூம்பு அந்த நாட்டு அதிகாரத்துல. கொலம்பஸ்ல இருந்து எதிர்க்க இருக்குற கிபோவுக்குப் போனா ஐரோப்பாவுல இருந்து ஜப்பானுக்குப் போன கணக்கு. கிபோவுல ஒண்ணு கண்டுபிடிச்சா பேட்டன்ட்டுக்கு அது ஜப்பான்ல கண்டுபிடிச்சதா எடுத்துக்குவாங்க. ஆளு குத்தம் பண்ணா அந்த ஆளோட சொந்த நாடுதான் முதல்ல விசாரிக்கும். இமிகிரேசன் சாப்பு (முத்திரை) கிடையாது மாமா.

கே: அங்க தே தாரிக் ஆத்த முடியுமா?

முடியாது. மேல இருந்து கீழ ஊத்தணும்னா கீழ வேணும். தே வெளிய வந்து உருண்டையா மிதக்கும், தட்டி விட்டா செவுத்துல போய் அப்பும். பையில அடைச்சு ஸ்ட்ராவுல உறிஞ்சுறதுதான். டொன் பெட்டிட்னு ஒரு அமெரிக்கரு 2008ல பிளாஸ்டிக் தாளை மடிச்சு ஒரு பக்கம் கூர்மையா ஒரு கப்பு செஞ்சாரு, அந்த மடிப்பு வழியா காப்பி தானா வாய்க்கு ஏறி வந்துடும், திரியில எண்ணெய் ஏறுதே அது மாதிரி. நுரை மட்டும் கேக்காதீங்க.

கே: சூடம் கொளுத்தலாமா?

சாமி கும்பிடுறதுக்குக்கூட விட மாட்டாங்க, அடைச்ச ரூம்பு. ஆனா தீய ஆராய்ச்சி பண்ண டெஸ்டினியில இறுக்கி மூடுன ஒரு பெட்டி இருக்கு. அங்க சுடர் மேல நோக்கி கூம்பா நிக்காது, உருண்டையா, மங்கலா, நீலமா இருக்கும், சூடு மேல போறதில்ல பாருங்க. அதுல ஹெப்டேன் எரிபொருள் துளிய எரிச்சுப் பாத்தவங்களுக்கு ஒரு ஆச்சரியம், சுடர் அணைஞ்சு கண்ணுக்கு ஒண்ணும் தெரியாதப்பவும் துளி சுருங்கிக்கிட்டே போச்சு, அதாவது குறைஞ்ச சூட்டுல கண்ணுக்குத் தெரியாம எரிஞ்சுக்கிட்டே இருந்துச்சு. எண்ணெய் மில்லுல தீயணைப்புப் பயிற்சி எடுத்தவன் நான், இதைப் படிச்ச அன்னைக்கு ராத்திரி சரியாத் தூங்கல.

கே: சுங்கை லாங்ல இருக்குற விண்வெளி மையத்துல இருந்தா இத ஓட்டுறாங்க?

இல்ல லா. நம்ம பந்திங் மையம் நம்ம நாட்டு செட்டலைட்டுக்கு, 2009ல போன ரசாக்சாட் மாதிரி. கிபோவ ஓட்டுறது ஜப்பான்ல ட்சுகுபாங்கிற ஊருல, 24 மணி நேரமும் ஷிப்டு போட்டு. பல ஆராய்ச்சிக்கு மேல இருக்குறவங்க சாம்பிள மாட்டிக் கொடுக்குறதோட சரி, பட்டன் தட்டுறது கீழ இருந்துதான். உள்ள பறந்து திரியுற ஆஸ்ட்ரோபீன்னு சதுர ரோபோ வேற இருக்கு, அதுக்கு புரோகிராம் எழுதுற போட்டி ஆசிய மாணவருங்களுக்கு ஜப்பான்காரங்க நடத்துறாங்க. கம்பியூட்டர் தட்டத் தெரிஞ்ச பிள்ளைங்க வீட்டுல இருந்தா கேம் விளையாடுற நேரத்துல இதைத் தேடிப் பாக்கச் சொல்லுங்க.

கே: 2022ல சரவாக் மேல எரிஞ்சுக்கிட்டு விழுந்தது இதுவா?

அது சீனாவோடது, ஆனா நீங்க கேட்டது சரியான கேள்வி, அதுவும் ஒரு ஆய்வுக்கூடக் கதைதான். சீனா தனியா தியான்கொங்னு ஒரு நிலையம் வெச்சிருக்கு, அதுக்கு வென்டியான்ங்கிற ஆய்வுக்கூடத்தை 2022 ஜூலை 24ல ஏத்துனாங்க. கூடம் பத்திரமாப் போய் ஒட்டிக்கிச்சு. ஏத்திவிட்ட ராக்கெட்டோட அடிப்பாகம், 20 டன்னுக்கு மேல, ஒரு வாரம் சும்மா சுத்திட்டு அந்த மாசக் கடைசி ராத்திரியில எரிஞ்சு உடைஞ்சு விழுந்துச்சு, குச்சிங்ல எல்லாரும் எரிகல்லுன்னு நினைச்சு வீடியோ எடுத்தாங்க. யாருக்கும் அடிபடல. எங்க இறங்குதுன்னு கட்டுப்படுத்தாம விட்டது சரியில்லன்னுதான் நான் சொல்லுவேன்.

கே: இன்னும் எத்தனை வருஷம் இருக்கும்?

2030 வரைக்கும்னு பேச்சு. அதுக்கப்புறம் அதைக் கீழ தள்ளுறதுக்கு ஒரு வண்டி கட்டச் சொல்லி ஸ்பேஸ்எக்ஸுக்கு 2024 ஜூன்ல கான்ட்ராக்ட் கொடுத்துட்டாங்க. ஆளே இல்லாத தென் பசிபிக் கடல்ல இறக்குவாங்க. கிபோவும் அதோட சேர்ந்துதான், தனியாக் கழட்டி வெக்க முடியாது.

கே: இங்க இருந்து பாக்க முடியுமா?

முடியும், டெலஸ்கோப்பு வேணாம். ஆனா எல்லா நாளும் வராது. பொழுது சாஞ்சு ஒரு மணி நேரம், இல்லாட்டி விடியறதுக்கு முன்னாடி ஒரு மணி நேரம், அப்பத்தான் நாம இருட்டுல இருப்போம், மேல அதுக்கு வெயில் படும். நம்ம ஊரு வானத்துல அது குறுக்கால போகும், வடமேக்குல இருந்து தென்கிழக்கு, இல்ல தென்மேக்குல இருந்து வடகிழக்கு. வெள்ளியாட்டம் பளிச்சுன்னு இருக்கும், மினுக்காது, சத்தம் வராது, அதிகமாப் போனா ஆறு நிமிஷம். சில நேரம் நடுவானத்துலயே பொட்டுன்னு மறையும், பூமியோட நெழலுக்குள்ள போயிடுச்சுன்னு அர்த்தம். நேரத்தை நாசாவோட ஸ்பாட் தி ஸ்டேஷன்ங்கிற கைப்பேசி ஆப் சொல்லும்.

நம்ம பிரச்சினை சிப்பாங் ஏர்போட்டு. நான் முதல் தடவை பிள்ளைங்க பத்துப் பன்னெண்டு பேரை மோரிப் கடக்கரைக்குக் கூட்டிட்டுப் போனப்போ, ஒரு வெளிச்சம் வந்துச்சு, நானும் ஆவேசமா "அதோ அதோ"ன்னு கத்துனேன், எல்லாரும் கைய ஆட்டுனாங்க, அது கிட்ட வந்து சிவப்பு பச்சை லைட்டு மினுக்கி டயரை இறக்குச்சு. ஒரு பொண்ணு மட்டும் மெதுவா, "அங்கள், கிபோவுக்கு டயரு இருக்கா?"ன்னு கேட்டுச்சு. ரெண்டாவது தடவை மேகம். மூணாவது தடவைதான் வந்துச்சு, புக்கிட் ஜுக்ரா பக்கம் போய் மறையுற வரைக்கும் ஒருத்தரும் பேசல.

கைய ஆட்டுனா அவங்களுக்குத் தெரியுமான்னு கேட்டாங்க. தெரியாது. அவங்க கடிகாரம் லண்டன்ல இருக்குற கிரீன்விச் நேரம், நம்மளவிட எட்டு மணி பின்னாடி. இங்க ராத்திரி எட்டுன்னா அவங்களுக்கு நடுப்பகல் பன்னெண்டு, சோறு சாப்பிடுற நேரம், ஜன்னல் பக்கம் ஆளு இருந்தா அதிர்ஷ்டம். காலையில பெரட்டுக்கு, அதாவது தோட்டத்துல வேலைக்குப் பேர் கொடுக்கக் கிளம்புற நேரத்துல பாத்தீங்கன்னா அவங்க தூங்கப் போயிருப்பாங்க. போறவங்க கொசு எண்ணெய் எடுத்துக்குங்க, மோரிப்ல பொழுது சாஞ்சா நிக்க விடாது.